மலைநடையில் கணினி வரைபட மென்பொருளும் கையடக்கப் புவியிடங்காட்டியும்

மலைநடைக்குச் செல்வோர், வீட்டுக் கணினியிலுள்ள நிலத்தோற்ற வரைபட மென்பொருளில் வழியைத் திட்டமிட்டு, அதைக் கையடக்கப் புவியிடங்காட்டிக்கு மாற்றிக்கொண்டு, அதன் துணையுடன் மலையில் நடக்கும் முறை 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவலானது. ஜி.பி.எஸ். என்று பொதுவாக அறியப்படும் புவியிடங்காட்டி, நடப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லும். அவர் நிற்கும் இடத்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் நடுவில் இருப்பது புல்வெளியா, ஆறா, செங்குத்துப் பாறையா என்பதை வரைபடம்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள விட்னி மலைப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதை விளக்குகிறது.

நிலத்தோற்ற வரைபடம்

ஓர் இடத்தின் மேடு பள்ளங்களையும், நீர்நிலைகள், காடுகள், பாதைகள், கட்டடங்கள் ஆகியவற்றையும் அளவு மாறாமல் காட்டுவது நிலத்தோற்ற வரைபடம். அமெரிக்காவில் இதை 1879இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நிலவியல் அளவாய்வகம் வெளியிடுகிறது. இதன் புகழ்பெற்ற வரிசை 7.5 நிமிட வரைபடத் தாள்கள் ஆகும். ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் 7.5 நிமிடமும் தீர்க்கரேகையில் 7.5 நிமிடமும் கொண்ட பரப்பைக் காட்டும். அளவுத்திட்டம் 1:24,000. அதாவது தாளில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 240 மீட்டர்.

இத்தாள்களில் நீலம் நீரையும், பச்சை மரங்கள் அடர்ந்த பகுதியையும், கறுப்பு மனிதர் அமைத்தவற்றையும், பழுப்பு சம உயரக் கோடுகளையும் குறிக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது; விலகியிருந்தால் நிலம் மெல்லச் சாய்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அங்கே பாறைச் சுவர் இருக்கிறது என்று பொருள். இதைப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த மென்பொருளாலும் முழுப் பயன் இல்லை.

விட்னி மலை 4,421 மீட்டர் (14,505 அடி) உயரமுடையது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவில் இதுவே மிக உயர்ந்த சிகரம். பாதை தொடங்கும் விட்னி போர்ட்டல் என்னுமிடம் லாங்லி மலைத் தாளிலும், சிகரம் விட்னி மலைத் தாளிலும் அமைந்துள்ளன. காகிதத்தில் பார்ப்பவர் இரண்டு தாள்களை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். மென்பொருளில் இவை ஓரம் தெரியாமல் இணைந்து, ஒரே படமாகத் தெரியும்.

மென்பொருளின் பணி

தொடக்க காலத்தில் இவ்வரைபடங்கள் மாநிலவாரியாகக் குறுந்தகடுகளில் விற்கப்பட்டன. இன்று கார்மின் நிறுவனத்தின் பேஸ்கேம்ப், கட்டற்ற மென்பொருளான கியூமேப்ஷாக் போன்றவற்றை இணையத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். அமெரிக்க நிலவியல் அளவாய்வகத்தின் தாள்களையும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம்.

கணினியில் பயன்படும் வரைபடங்கள் இரு வகை. அச்சிட்ட தாளை அப்படியே ஒளிவருடி எடுத்த படம் ஒரு வகை. இதில் பழைய தாளின் அழகும் நுணுக்கமும் இருக்கும். ஆனால் பெரிதாக்கினால் கோடுகள் தடித்து மங்கும். கோடுகளையும் பெயர்களையும் தனித்தனித் தரவுகளாகச் சேமித்துத் திரையில் வரைந்து காட்டும் வரைபடம் மற்றொரு வகை. இது குறைந்த இடத்தில் அடங்குவதால் கையடக்கக் கருவிகளுக்கு ஏற்றது. பழைய கருவிகள் பலவற்றில் இந்த இரண்டாம் வகையை மட்டுமே ஏற்ற முடியும்.

வழிப்புள்ளி, வழி, தடம்

கணினிக்கும் கருவிக்கும் இடையே மூன்று வகைத் தகவல்கள் பரிமாறப்படுகின்றன.

வழிப்புள்ளி: பெயரிடப்பட்ட ஓர் இடம். பாதை பிரியும் இடம், நீர் கிடைக்கும் இடம், முகாம், வண்டி நிறுத்திய இடம் போன்றவை.

வழி: போக வேண்டிய வரிசையில் கோக்கப்பட்ட வழிப்புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குக் கருவி நேர்கோட்டில் திசை காட்டும்.

தடம்: நடந்த பாதையின் பதிவு. நெருக்கமான பல புள்ளிகளால் ஆனது. வரைபடத்தின் மேல் சுட்டியால் பாதையைப் பின்பற்றி வரைந்தும் இதை உருவாக்கலாம்.

இம்மூன்றையும் சேமிக்க ஜிபிஎக்ஸ் என்னும் கோப்பு வடிவம் பயன்படுகிறது. 2002இல் வெளியான இது பொது வடிவம் என்பதால், ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் உருவாக்கிய கோப்பை வேறொரு நிறுவனத்தின் கருவியிலும் திறக்கலாம்.

வீட்டில் திட்டமிடுதல்

1. மென்பொருளில் விட்னி போர்ட்டலிலிருந்து சிகரம் வரை பாதையைப் பின்பற்றித் தடம் வரைய வேண்டும். வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். வளைவுகளை வெட்டிக்கொண்டு வரைந்தால் மென்பொருள் காட்டும் தொலைவு உண்மையைவிடக் குறைவாக வரும்.

2. முக்கிய இடங்களில் மட்டும் வழிப்புள்ளி இட வேண்டும். அதிகமானால் சிறிய திரை பெயர்களால் நிரம்பி, தேவையானது கண்ணில் படாமல் போகும்.

3. ஏற்ற இறக்க வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இப்பாதை ஒரு வழிக்குச் சுமார் 11 மைல் (17.7 கி.மீ.). 8,360 அடியில் தொடங்கி 14,505 அடியில் முடிகிறது. ஏற்றம் 6,100 அடிக்கு மேல்.

4. நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. 3 மைலுக்கு 1 மணி, அத்துடன் 2,000 அடி ஏற்றத்துக்கு 1 மணி என்பது அவ்விதி. இதன்படி விட்னி ஏற்றத்துக்கு 6 மணி 45 நிமிடம் ஆகும். ஓய்வு, சுமை, உயரத்தில் ஏற்படும் மூச்சிரைப்பு ஆகியவை இதில் சேரவில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு உண்மையில் ஆகும் நேரம் இதைவிட அதிகம். இருட்டுவதற்குள் இறங்க, எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்ய இக்கணக்கு உதவும்.

5. கோப்பைக் கருவிக்கு மாற்றிய பின், கருவியின் திரையில் அதைத் திறந்து சரிபார்க்க வேண்டும். ஒரு வழியில் இருக்கக்கூடிய புள்ளிகளுக்குக் கருவிகளில் வரம்பு உண்டு. வரம்பை மீறினால் கடைசிப் பகுதி விடுபட்டுப் போகலாம். மலையில் இது தெரிய வந்தால் சரிசெய்ய வழியில்லை.

6. அதே வரைபடத்தைத் தடத்துடனும் கட்டக் கோடுகளுடனும் காகிதத்தில் அச்சிட்டு, நீர் புகாத உறையில் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு பிரதியைத் திரும்பும் நேரத்துடன் வீட்டிலுள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

டேட்டம் பொருந்தாமை

புதியவர்கள் செய்யும் பிழைகளில் கண்ணுக்குத் தெரியாதது இது. பூமியின் வடிவத்தை ஒரு கணித உருவாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் அட்சரேகை, தீர்க்கரேகைகளைப் பொருத்தும் அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். டேட்டம் மாறினால் அதே இடத்துக்கான எண்களும் மாறும்.

அமெரிக்காவின் பழைய தாள்களில் பெரும்பாலானவை 1927ஆம் ஆண்டு வட அமெரிக்க டேட்டத்தின்படி வரையப்பட்டவை. புவியிடங்காட்டி பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் டேட்டம். கலிபோர்னியாவில் இவ்விரண்டுக்கும் இடையே அட்சரேகை, தீர்க்கரேகை அளவில் ஏறத்தாழ 100 மீட்டர் வேறுபாடு வரும். யூ.டி.எம். என்னும் மீட்டர் கட்ட முறையில் எண்களைப் படித்தால் வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர். சமவெளியில் இது பெரிதல்ல. மலை முகட்டில் 100 மீட்டர் என்பது பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம்.

ஜிபிஎக்ஸ் கோப்பில் எண்கள் எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில்தான் இருக்கும். ஆகவே மென்பொருளிலிருந்து கோப்பாக மாற்றும்போது, மென்பொருளே கணக்கிட்டு மாற்றிவிடும். காகிதத் தாளில் படித்த எண்களைக் கையால் கருவியில் உள்ளிடும்போதுதான் பிழை நேர்கிறது. தாளின் கீழ் ஓரத்தில் டேட்டத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக் கருவியின் அமைப்பில் அதே டேட்டத்தைத் தேர்ந்தெடுத்த பின்னரே எண்களை உள்ளிட வேண்டும்.

இந்திய வரைபடங்களுக்கும் இது பொருந்தும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைப் பணியிலிருந்து வளர்ந்த முறை அது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் அமைந்தவை.

மலையில் பயன்படுத்துதல்

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான செயற்கைக்கோள் குறிப்பலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அப்போது இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். அக்கட்டுப்பாடு நீங்கிய பின், திறந்த வெளியில் கருவிகள் சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இடம் காட்டுகின்றன. ஆனால் செங்குத்துப் பாறைகளின் அருகே குறிப்பலை எதிரொலிப்பதாலும், அடர்ந்த மரங்களின் கீழ் அது வலுவிழப்பதாலும் பிழை கூடும். உயரத்தில் வரும் பிழை, இடத்தில் வரும் பிழையைவிடப் பெரிதாக இருக்கும்.

குறிப்பலை சரியாக இருந்தாலும் ஆபத்து ஒன்று உண்டு. விட்னி பாதையில் சுமார் 12,000 அடி உயரத்தில் டிரெயில் கேம்ப் என்னும் முகாம் உள்ளது. அங்கு நின்று சிகரத்தின் வழிப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், கருவி ஏறத்தாழ 2 கி.மீ. என்று காட்டி, அம்புக்குறியை நேராகச் சிகரத்தை நோக்கித் திருப்பும். அந்த நேர்கோடு மலையின் கிழக்குப் பாறைச் சுவரில் போய் முட்டுகிறது. உண்மையான பாதையோ தெற்கே ஏறக்குறைய நூறு கொண்டை வளைவுகளில் ஏறி, முகட்டைக் கடந்து, மேற்குப் பக்கமாகச் சுற்றிச் சிகரத்தை அடைகிறது. அதன் தொலைவு 7 கி.மீ.க்கு மேல். அம்புக்குறியை மட்டும் நம்புபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. திட்டமிட்ட தடம் திரையில் இருந்தால் உடனே தெரியும்.

கோடையின் தொடக்கத்தில் இவ்வளவைவுகள் பனியால் மூடப்பட்டிருக்கும். அப்போதும் தடம் திரையில் தெளிவாகத் தெரியும். பனி இறுகியிருக்கிறதா, சறுக்குமா என்பதைத் தடம் சொல்லாது. திரும்புவது பற்றிய முடிவை நடப்பவரே எடுக்க வேண்டும்.

குளிரில் மின்கலம் விரைவில் தீரும். மாற்று மின்கலங்களை உடலோடு ஒட்டிய பையில் வைத்தால் சூடாக இருக்கும். கருவி நின்றுபோனால் அச்சிட்ட வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் வேண்டும். விட்னி பகுதியில் திசைகாட்டியின் முள் உண்மை வடக்கிலிருந்து சுமார் 12 பாகை கிழக்கே விலகி நிற்கும். இந்தக் காந்த விலக்கம் ஆண்டுதோறும் சிறிது மாறுவதால், பழைய தாளில் உள்ள எண்ணை அப்படியே கொள்ளாமல் புதிய மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிய பின்

கருவியில் பதிவான தடத்தைக் கணினிக்கு மாற்றி, திட்டமிட்ட தடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். வழி தவறிய இடம், கணக்கைவிட அதிக நேரம் எடுத்த ஏற்றம், வரைபடத்தில் இல்லாத புதிய பாதை ஆகியவை தெரிய வரும். ஒரே இடத்தில் ஓய்வெடுக்கும்போதும் கருவி சிறு சிறு அசைவுகளைப் பதிவதால், பதிவான தொலைவு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். நைஸ்மித் விதியின் நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் சில பயணங்களுக்கு ஒப்பிட்டால், ஒருவர் தம் நடைவேகத்துக்கான சொந்த விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம். அடுத்த பயணத்தில் திரும்ப வேண்டிய நேரத்தைச் சரியாகக் குறிக்க அந்த விகிதம் பயன்படும்.