வினை பெயராகும் விந்தை தெரியுமா?

எண், இடம், காலம், பால் எதையும் காட்டாமல் தொழிலுக்கு மட்டும் பெயராக நிற்பது தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோம். எல்லா மொழியிலும் அது இத்தனை துறவியா? இல்லவே இல்லை!

அயர்லாந்தில் தொழிற்பெயரே நிகழ்காலம் காட்டும்! ஐரிஷ் மொழியில் 'படிக்கிறேன்' என்பதற்கு 'டா மே எக் லேவ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'நான் படித்தலிடம் இருக்கிறேன்'! பக்கத்து வெல்ஷ் மொழியிலோ 'படித்தலுக்குப் பின் இருக்கிறேன்' என்றால் படித்தாகிவிட்டது என்று பொருள். வெல்ஷ் அகராதியில் வினையைத் தேட வேண்டுமா? தொழிற்பெயரைத்தான் புரட்ட வேண்டும்!

சுவாஹிலியில் அது 'என்' என்பதையே மாற்றிவிடும்! என் குழந்தை 'ம்டோட்டோ வங்கு'. என் புத்தகம் 'கிடாபு சங்கு'. என் படிப்பு 'குசோமா குவாங்கு'. தொழிற்பெயர்களுக்கென்றே தனிப் பெயர்ச்சொல் வகுப்பு. அதற்கேற்ப 'என்'னும் மாறும்!

துருக்கியில் ஆள் ஒட்டிக்கொள்வார்! 'கெல்மெம்' என் வருகை, 'கெல்மென்' உன் வருகை, 'கெல்மெசி' அவர் வருகை. எல்லாம் ஒரே சொல்லில்!

போலிஷில் முடிந்ததா என்றும் தெரியும்! 'சித்தானியே' என்றால் வெறுமனே படித்தல். முன்னால் 'ப்ஷெ' சேர்ந்தால் முழுக்கப் படித்து முடித்தல்!

லத்தீன் தொழிற்பெயருக்கு எழுவாய் வடிவமே கிடையாது! 'ஜெரண்டு' எனப்படும் அந்தத் தொழிற்பெயருக்கு வேறு வேற்றுமைகள் உண்டு, முதல் வேற்றுமை இல்லை. அந்த இடத்தில் 'இன்பினிடிவ்' என்னும் இன்னொரு வினைவடிவம் வந்து நிற்கும்.

அரபியில் ஒரு பெரும் வழக்கே நடந்தது! வினையிலிருந்து தொழிற்பெயரா, தொழிற்பெயரிலிருந்து வினையா? பெயரே மூலம் என்றது பஸ்ரா நகர இலக்கண மரபு. வினையே மூலம் என்றது கூஃபா. இரு தரப்பு வாதங்களையும் 12ஆம் நூற்றாண்டில் இப்னுல் அன்பாரி நூலில் தொகுத்தார். அரபியில் தொழிற்பெயருக்குப் பெயரே 'மஸ்தர்', அதாவது ஊற்றுக்கண்! நாம் முழங்கும் 'இன்குலாப்', கடைத்தெருவில் புழங்கும் 'வசூல்', தெருமுனைத் 'தகராறு' மூன்றுக்கும் மூலம் அரபி மஸ்தர்களே!

நம் தமிழ் மட்டும் சளைத்ததா? 'இல்லை' என்பதையே பெயருக்குள் அடைத்துவிடும்: கொல்லாமை, வெகுளாமை, கல்லாமை. மூன்றும் திருக்குறள் அதிகாரங்கள்! எந்த விகுதியும் சேராமல் முதலெழுத்தை நீட்டினாலே போதும்: கெடு கேடாகும், சுடு சூடாகும், பெறு பேறாகும்! இன்னும் கேளுங்கள்: 'அவன் வந்தது தெரியும்', 'அவன் வருவது தெரியும்'. 'வந்தது', 'வருவது' இரண்டுமே இங்கே பெயர்கள். இரண்டிலும் காலம் இருக்கிறது! பள்ளியில் படித்த விதியைத் தாண்டிப்போகும் இந்தச் சொற்களை நாம் நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறோம்!