வலிக்காத தேமல்

சாமல்பட்டிப் பக்கம் கல் பட்டறைத் தொழிலாளி கையில் வெளிறிய ஒரு தேமல். அரிப்பில்லை, வலியில்லை. பிறகென்ன கவலை? வலியில்லாததுதான் கவலை: அது தொழுநோயாக இருக்கலாம்.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும்; அதனால் தோலையும் அதையொட்டிய நரம்புகளையும் தாக்குகிறது. இரட்டிப்பாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும் சோம்பேறி அது. அறிகுறி தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

விரலை நோய் தின்பதில்லை. மரத்த விரல் சூடும் வெட்டும் தெரியாமல் புண்ணாகித்தான் குறைகிறது. வேலூரில் இதை விளக்கியவர் மருத்துவர் பால் பிராண்ட்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தேமலைப் பஞ்சால் வேறொருவர் தொடட்டும். தொடுவது தெரியவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதம். தாமதித்துப் போனால், மருந்தில் கிருமி சாகும்; ஆனால் போன உணர்வு திரும்பாமல் போகலாம்.