கேட்டில் வாங்கும் 20 வெள்ளி யாருக்கு?

அண்மையில் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பத்துமலையைச் சேர்ந்த ஒரு குழாய் வேலைக்காரர் கலந்து கொண்டார். சொந்தமாக ஒரு வேன், உதவிக்குத் தங்கை மகன், அவ்வளவுதான் அவருடைய நிறுவனம். வேலி போட்ட ஒரு வீடமைப்புப் பகுதியில் சமையலறைக் குழாய் உடைந்துவிட்டது என்று அழைப்பு வந்திருக்கிறது. வேலைக்குப் பேசிய கூலி 80 வெள்ளி. வாசலில் இருந்த ஜாகா, குத்தகையாளர் வாகனத்துக்கு 20 வெள்ளி கட்டணம் என்று வாங்கிக்கொண்டு அடையாள அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார். ரசீது கிடையாது. அந்த 20 வெள்ளியை வீட்டுக்கார அம்மாவிடம் கேட்க இவருக்குக் கூச்சம். கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களே!

அப்படி வாங்க அவர்களுக்கு உரிமை உண்டா என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட கேள்வி. அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் உண்டு என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இரு தரப்பும் சொன்னது சரிதான்.

எல்லாம் அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கேட்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சில இடங்களில் சாலை, வடிகால், பூங்கா எல்லாமே வீட்டு உரிமையாளர்களின் கூட்டுச் சொத்து. அடுக்குமாடிகளில் இது பழைய ஏற்பாடு. 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டத்தில் 2007இல் செய்த திருத்தம் தரை வீடுகளுக்கும் இதற்கு வழி திறந்து விட்டது. இத்தகைய இடங்களை ஆள்வது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது 757ஆவது சட்டம். 2015 ஜூன் முதல் நாள் அது அமலுக்கு வந்தது. வீட்டைப் புதுப்பிக்க வேண்டுமானால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்று அதன் கீழ் வந்த விதிமுறைகளே சொல்கின்றன. எனவே குத்தகையாளர் பெயரைப் பதிவு செய்யச் சொல்வதும், வேலை நேரத்தை வரையறுப்பதும், வைப்புத்தொகை கேட்பதும் அங்கே முறையற்றவை அல்ல. மின்தூக்கியில் சிமெண்டு மூட்டையை இழுத்துப் பலகையை உடைத்துவிட்டுப் போனவர்களும், ஓட்டுக் குப்பையை வடிகாலில் கொட்டியவர்களும் நம்மில் இருக்கத்தானே செய்கிறார்கள்?

ஆனால் நிர்வாக அலுவலகத்தில் ஒருவர் நினைத்தவுடன் தாள் ஒன்றை அச்சடித்து ஒட்டினால் அது விதியாகிவிடாது. நிர்வாகக் கழகம் கூடுதல் விதிகளைச் சிறப்புத் தீர்மானத்தின் மூலமே இயற்ற முடியும். நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவைப்படும் தீர்மானம் அது. விதியை மீறியதற்கான அபராதமும் 200 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஆகவே வீட்டு உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்வி எளிது: இந்தக் கட்டணம் எந்தக் கூட்டத்தில் முடிவானது, பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது?

இனி நம்மில் பெரும்பாலோர் வாழும் சாதாரண தாமான்களுக்கு வருவோம். திருட்டுக்குப் பயந்து குடியிருப்பாளர் சங்கம் அமைத்து, மாதச் சந்தா திரட்டிக் காவல் வைத்திருப்பார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே சாலை பொதுச் சாலை. 2010இல் நகர, கிராமத் திட்டமிடல் துறை வெளியிட்ட வழிகாட்டி இந்த இரண்டு வகைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. பொதுச் சாலையில் தடுப்புக் கம்பம் வைக்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. பத்துமலையைப் பொறுத்தவரை செலாயாங் நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டும். அனுமதியின்றிப் பொது இடத்தை மறித்தால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவு குறுக்கே வரும்.

கோத்தா டாமன்சாராவில் உள்ள டி'வில்லா இக்குவெஸ்ட்ரியன் குடியிருப்பின் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. சந்தா கட்டாத ஒரு குடியிருப்பாளர் தடுப்புக் கம்பத்தைத் தாமே இறங்கித் திறந்துகொள்ள வேண்டும் என்று சங்கம் சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். 2015இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. ஊராட்சி மன்றம் அனுமதித்த கம்பத்தை மறிப்பு என்று சொல்ல முடியாது, வெறும் அசௌகரியம் வழக்குக்குப் போதாது என்பது அதன் சாரம். பல சங்கங்கள் இந்தத் தீர்ப்பைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கின்றன. அந்த வழக்கில் பேசப்பட்டது கம்பமும் காவலும்தான். வெளியிலிருந்து வேலைக்கு வருபவரிடம் பொதுச் சாலையில் நுழையப் பணம் வாங்கலாம் என்று அது எங்கும் உரிமை கொடுக்கவில்லை. சங்கம் என்பது சந்தா வாங்கும் அமைப்பு, வரி விதிக்கும் அமைப்பு அன்று.

அடையாள அட்டை விஷயத்தில் சாலை யாருடையது என்ற கேள்வியே எழாது. பாதுகாவலர்கள் மைகாட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தேசியப் பதிவிலாகா பலமுறை சொல்லியிருக்கிறது. பாதுகாவலருக்குப் போலீஸ் அதிகாரம் இல்லை. அவரோடு சண்டை போட்டும் பயனில்லை. பாவம், பல இடங்களில் நேப்பாளத்திலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மனிதர் அவர், சொன்னதைச் செய்கிறார். பெயரையும் வாகன எண்ணையும் புத்தகத்தில் எழுதித் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.

வைப்புத்தொகையில்தான் சிறு குத்தகையாளர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கட்டணம் போனால் போனதுதான், வைப்புத்தொகை திரும்பி வர வேண்டிய பணம். அதைக் குத்தகையாளர் தம் கைப்பணத்திலிருந்து கட்டுவதைவிட வீட்டு உரிமையாளர் தம் பெயரில் கட்டுவதே நல்லது. வேலை தொடங்கும் முன்பே மின்தூக்கி, நடைபாதை, சுவர் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு உங்கள் பணத்தைப் பிடிக்க முடியாது.

பணம் தகராறாகிவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டரை லட்சம் வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அந்தக் கதவு முதலில் திறப்பது வீட்டு உரிமையாளருக்குத்தான். குழாய் பழுது பார்க்க வந்தவர் அந்த இடத்தின் உறுப்பினர் அல்லவே. நிர்வாகக் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் கை தூக்கவும் அவருக்கு உரிமையில்லை. அவருக்காகக் கேட்க வேண்டியவர், உள்ளே தேநீர் போட்டு வைத்துக் காத்திருக்கும் வீட்டுக்காரர்தான்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பத்துமலைக்காரர் ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் அழைப்பு வந்தால், எந்தக் குழாய் உடைந்தது என்று கேட்கும் முன்பே வாசலில் காசு கேட்பார்களா என்று விசாரித்துவிடுகிறாராம். கேட்பார்கள் என்றால், அதைக் கூலியோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார். இதுவரை இரண்டு பேர் வேண்டாம் என்று தொலைபேசியை வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் நிர்வாக அலுவலகத்துக்குப் போய் ரசீது கேட்டிருக்கிறார்.