முத்துக்குளிப்போர் பங்கும் விமானிகள் சம்பளமும்



ஆகாய விமானிகளைப் பற்றிப் பேச வந்தவன் மன்னார்க் கடற்கரையில் ஏன் தொடங்குகிறான் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு கொம்பனி வங்குரோத்து நிலையை அடையும்போது, அதற்காக உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனுடைய கூலி எங்கே நிற்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அந்தக் கேள்வியை நம் கரையில் ஒருமுறை கடல் கேட்டுவிட்டது.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் உள்ளன. அக்காலத்தில், சிப்பி முற்றிய ஆண்டுகளில் அரசாங்கம் சலாபம் கூறும். தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்துங்கூடக் குளியாளர்கள் வந்து கூடுவர். ஆளற்ற மணற்காட்டில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே எழும்பும். 1905-ஆம் ஆண்டுச் சலாபம் அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாயை ஈட்டித் தந்தது. அதுவரை கண்டிராத தொகை அது.

அந்தப் பெருவிளைச்சலின் ஒளியிலேதான் 1906-ஆம் ஆண்டு, இலங்கை முத்துக்குளிப்போர் கொம்பனி என்னும் ஆங்கில நிறுவனம் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகையாக எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். பேராசிரியர் ஹேர்ட்மனும் ஹோர்னெலும் 1902-ஆம் ஆண்டு முதல் இக்கடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள் கையிலிருந்தன. விஞ்ஞான முறையில் சிப்பியை வளர்த்து ஆண்டுதோறும் அறுவடை செய்யலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1906-இலும் 1907-இலும் குளிப்பு நடந்தது. பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. சிப்பிக் குஞ்சுகளைச் சோழகக் காலத்து நீரோட்டம் அள்ளிச் செல்லும். எஞ்சியதைத் திருக்கை தின்னும். சிப்பி இல்லாவிட்டாலும் குத்தகைப் பணம் ஆண்டுதோறும் கட்டவேண்டியதாயிருந்தது. சில ஆண்டுகளுக்குள் கொம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த சலாபத்தைக் காண 1925 வரை காத்திருக்க நேர்ந்தது.

குளியாளரின் கூலி என்னவாயிற்று? இங்கேதான் நம் முன்னோர் கண்ட ஒரு ஏற்பாட்டை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. குளியாளனுக்குச் சம்பளம் கிடையாது, பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாலில் ஒன்றாக இருந்த அப்பங்கு, பின்னர் மூன்றில் ஒன்றாயிற்று. பிற்பகலில் தோணிகள் கரை சேர்ந்ததும், சிப்பி முழுவதும் கொட்டு என்னும் வேலியடைத்த வளவுக்குள் கொண்டுசெல்லப்படும். அங்கே குளியாளர்களே தம் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். அவற்றுள் எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்பதை உத்தியோகத்தர் பின்னரே காட்டுவார். எது தமக்கு வரும் என்று தெரியாதவன் ஒரு குவியலைப் பெருக்கி மற்றொன்றைக் குறைக்கமாட்டான் அல்லவா? 1906-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் இந்தக் கொட்டை மேற்பார்த்த இளம் உத்தியோகத்தர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப்.

மூன்றாவது குவியலோடு குளியாளன் வேலிக்கு வெளியே வந்ததும், வாசலில் காத்திருக்கும் கூட்டத்துக்கு அதைக் கைப்பிடி கைப்பிடியாக விற்றுவிடலாம். அன்றைய உழைப்பின் கூலி அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. ஆகவே, கொம்பனி பின்னர் முறிந்தபோது அது குளியாளனுக்குச் சம்பளப் பாக்கி வைத்து முறியவில்லை. அந்த வாழ்வு சொர்க்கம் என்று நான் கூறவில்லை. சுறாவும் மூச்சுத் திணறலும் அவன் பாடு; பார் வெறுமையானால் பட்டினியும் அவன் பாடே.

விமானியின் நிலை வேறு. அவன் இன்று ஓட்டும் விமானத்துக்கான கூலியை மாத முடிவிலேதான் பெறுகிறான். அதுவரை, தான் அறியாமலே, முதலாளிக்குக் கடன் கொடுத்தவனாகிறான். இந்தியாவின் ஜெற் எயர்வேய்ஸ் இதற்குத் தெளிவான உதாரணம். 2018-ஆம் ஆண்டு அந்நிறுவனம் சம்பளத்தைக் குறைக்க முனைந்தது, விமானிகள் மறுத்தனர். 2019 ஜனவரி முதல் சம்பளம் நின்றது. ஏப்ரல் 1 முதல் பறக்கமாட்டோம் என்று அவர்களுடைய சங்கம் அறிவித்தது. ஆயினும் நிறுவனம் பிழைக்கட்டும் என்று அந்நாளைத் தள்ளிவைத்தது. சம்பளமின்றியே பறந்தனர். ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு கடைசி விமானம் தரையிறங்கியது. அந்த ஒத்திவைப்பினால் சங்கம் ஏமாந்தது என்று பலர் குறை கூறினர். நான் அவ்வாறு கூறமாட்டேன். பறக்காதிருந்தால் நிறுவனம் அன்றே வீழ்ந்திருக்கும், பழியும் விமானிகள்மேல் விழுந்திருக்கும்.

ஜூன் மாதம் வழக்கு வங்குரோத்து மன்றத்துக்குச் சென்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது வழக்குச் செலவு முதலில் தீர்க்கப்படும். அடுத்து, தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும், ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளின் கோரிக்கையும் சமமாக நிற்கும். ஏனைய ஊழியரின் 12 மாதப் பாக்கி அதற்கும் பின்னால் வரும். இலட்சக்கணக்கில் ஊதியம் பெறும் விமானி ‘தொழிலாளரா’ ‘ஊழியரா’ என்னும் கேள்வி ஆகவே வெறும் சொல்லாராய்ச்சியன்று. வரிசையில் அவன் இடத்தையே அது தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் பிணக்கு வேறு வடிவம் எடுத்தது. அங்கே ஒரு நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் தொடர்ந்து இயங்கிக்கொண்டே கடன்களைச் சீரமைக்கலாம். 1983 செப்டெம்பரில் கொண்டினென்ரல் எயர்லைன்ஸ் அவ்வாறு புகலடைந்து, தொழிற்சங்க ஒப்பந்தங்களைத் தானாகவே தள்ளிவிட்டு, விமானிகளின் ஊதியத்தை ஏறக்குறையப் பாதியாக வெட்டியது. விமானிகளின் வேலைநிறுத்தம் 1985 வரை நீண்டது. 1984-இல் சட்டம் திருத்தப்பட்டது: முதலில் சங்கத்துக்குக் கணக்கைக் காட்டிப் பேசவேண்டும், அது பயனளிக்காவிடின் நீதிபதியின் அனுமதி பெறவேண்டும். 2012-ஆம் ஆண்டு அமெரிக்கன் எயர்லைன்ஸ் கேட்ட அனுமதியை ஆகஸ்டில் மறுத்த நீதிபதி, திருத்திய கோரிக்கையைச் செப்டெம்பரில் ஏற்றுக்கொண்டார். குவியலைப் பிரிப்பவன் ஒருவன், தெரிபவன் வேறொருவன் என்ற மரிச்சுக்கட்டி வழக்கத்தின் சாயல் இதில் சிறிது உண்டு. ஆனால் இங்கே பிரிப்பவன் முதலாளி. எது தனக்கு வரும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெற் எயர்வேய்ஸை மீட்க 2021-இல் ஒரு திட்டம் ஏற்கப்பட்டது, அது நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நிறுவனத்தைக் கலைத்துவிடுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் விமானிகள் பலர் வேறு நிறுவனங்களின் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தனர். 2019-ஆம் ஆண்டு பறந்த நாட்களின் கூலி, கடன்காரர் பட்டியலில் ஒரு வரியாக இருந்தது.