கீமோ மதுரையில், மற்றதெல்லாம் வீட்டில்

செட்டிநாட்டின் கீழச்சிவல்பட்டியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் பேருந்தில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்ளும் பெண் விடியற்காலையில் கிளம்புகிறார். ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி, சில மணி நேரம் மருந்து ஏறிய பிறகு பெரும்பாலும் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார். வழக்கமான முறையில் அடுத்த மருந்து 21 நாள் கழித்து. மருந்து இறங்குவது மதுரையில். அது உடம்புக்குள் செய்கிற வேலை அத்தனையும் நடப்பது கீழச்சிவல்பட்டியில், அடுப்படியிலும் படுக்கையிலும். மருத்துவர் கண்ணில் படாத அந்த நாட்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருப்பதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. நம் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். கட்டியைத் தடவிப் பார்ப்பது, மேமோகிராம் எடுப்பது பற்றியெல்லாம் நிறைய எழுதப்பட்டுவிட்டது. சிகிச்சைக்கு நடுவில் ஒரு பெண் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படித் தூங்குகிறார், கணவரோடு எப்படி இருக்கிறார் என்பது மட்டும் எழுத்திலும் வருவதில்லை, பேச்சிலும் வருவதில்லை.

கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல் அப்படிப் பெருகுவது. முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படியே. பக்கவிளைவுகள் பலவும் இந்த ஒரே காரணத்திலிருந்து கிளம்புவதால் அவை வரும் நாளையும் ஓரளவு கணிக்கலாம். முதல் சில நாள் குமட்டல். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் ரத்த வெள்ளணுக்கள் மிகக் கீழே இறங்குகின்றன. மூன்றாம் வாரத்தில் உடம்பு மெல்ல மீள்கிறது.

இதில் உயிருக்கே ஆபத்தானது அந்த இரண்டாம் வாரம். வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரநிலை. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது. நடு இரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய், 'கீமோ எடுக்கிறேன், காய்ச்சல் வந்திருக்கிறது' என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்றுவதில் ஒரு மணி நேரத் தாமதம்கூடப் பெரிய தாமதம். எங்கே போவது, காரைக்குடியா சிவகங்கையா என்பதை முதல் கீமோ அன்றே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குமட்டலுக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. கீமோ பட்டவுடன் குடல் சுவரிலுள்ள செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அந்தச் செய்தி நரம்பு வழியே மூளையின் வாந்தி மையத்துக்குப் போகிறது. ஆன்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் அந்தச் செய்தியை வழியிலேயே மறிக்கின்றன. அதனால்தான் வாந்தி வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போடுவது பலன் தருகிறது. இந்த மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்கலாம். ஓலான்சபின் என்ற மாத்திரையைச் சீட்டில் கண்டு, மனநோய்க்குத் தருவதை எனக்கேன் எழுதினார்கள் என்று கலங்குபவர்கள் உண்டு. குறைந்த அளவில் அது குமட்டலை அடக்கும். 10 மி.கி. கொடுத்தால் பகலெல்லாம் தூக்கமாக இருக்கும், 2.5 மி.கி.யே போதும், மயக்கமும் குறைவு என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2024-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த நம் நாட்டுப் பெண்கள்.

செட்டிநாட்டுச் சமையலில் மிளகும் வரமிளகாயும் இல்லாத நாள் கிடையாது. வாய் புண்ணாகிக் கிடக்கும் வாரத்தில் அந்த ருசி தீயாக எரியும். நாக்கில் இரும்பைத் தொட்டது போன்ற ஒரு சுவை ஏறி, பிடித்த குழம்பும் பிடிக்காமல் போகும். கஞ்சி, குழைந்த சோறு, இடியாப்பத்தோடு பால், ஆறவைத்த பருப்புத் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தால் போதும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் நாளைக்கு நாலைந்து தடவை வாய் கொப்பளிக்கலாம். 'ஆசையா செஞ்சேன், வாயில வைக்க மாட்டேங்குறாளே' என்று வீட்டார் மனம் வருந்தத் தேவையில்லை. மருந்து முடிந்து சில மாதங்களில் பெரும்பாலோருக்கு ருசி திரும்பிவிடும்.

சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின் ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாக வருகிறது. மொட்டை என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது பழனியும் நேர்த்திக்கடனும்தான். அப்படிச் சொல்லிச் சமாளிப்பது அவரவர் விருப்பம். யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை நோயாளிக்கு இல்லை. முடி கொட்டுவதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டவர்களுக்குத் தலையணையில் கத்தையாகப் பார்க்கும் அதிர்ச்சி குறைகிறது. மருந்து நின்ற சில மாதங்களில் முடி முளைக்கும். ஆரம்பத்தில் சுருளாகவோ வேறு நிறமாகவோ வருவது இயல்பு.

பாக்லிடாக்சல் ஏறுபவர்களுக்குக் கால்விரல்களில் மதமதப்பு வரும். இது நரம்பு முனைகளில் ஏற்படும் சேதம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடக்கும் ஊர் இது. வழவழவென்ற அந்தத் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் மரத்த காலுக்குத் தெரியாது. வழுக்காத செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்வதில் தவறில்லை. மதமதப்பு எரிச்சலாக மாறினாலோ, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போனாலோ உடனே சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்க மருத்துவருக்கு வழி உண்டு.

அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். வளையல் இறுகுவது அதன் முதல் அறிகுறி. 'அந்தக் கையால் இனி ஒரு குடம்கூடத் தூக்காதே' என்று ஆயுள் முழுக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். இந்தத் தடை பழையது, ஆதாரம் இல்லாதது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களைக் கொண்டு ஒரு வருடம் நடந்த ஆய்வு 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கியவர்களில் 14 சதவீதத்தினருக்கு வீக்கம் மோசமானது. தூக்காமல் இருந்தவர்களில் 29 சதவீதத்தினருக்கு. அசையாத கைக்குத்தான் ஆபத்து அதிகம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் கைப்பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றை எப்படியாவது யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் விழுங்குவது தாம்பத்தியத்தைப் பற்றியது. 'வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?' என்று மருத்துவர் கேட்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். 'இல்லீங்க டாக்டர்' என்று அந்தப் பெண் எழுந்துவிடுகிறார். 'இந்த வயசுல இதைக் கேட்டா என்ன நினைப்பாக?' என்ற கூச்சம்.

நடப்பது உடலியல். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பிறப்புறுப்பின் உட்தோலைத் தடிமனாகவும் ஈரமாகவும் நெகிழ்வாகவும் வைத்திருக்கிறது. கீமோ சினைப்பைகளை முடக்கும்போது அந்த ஹார்மோன் சட்டென்று வற்றுகிறது. இயற்கையாகச் சில ஆண்டுகளில் நடக்கும் மாதவிலக்கு நிறுத்தம் சில வாரங்களில் நடந்துவிடுகிறது. இளம் பெண்கள் பலருக்கு மாதவிலக்கு திரும்பும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. பிறகு ஹார்மோன் மாத்திரை வருகிறது. டமாக்சிஃபெனால் உடம்பு குப்பென்று சூடேறி வியர்க்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே நிறுத்துவதால் வறட்சி இன்னும் கடுமை. மூட்டு வலியும் சேர்கிறது. தோல் மெலிந்து வறண்டிருக்கும்போது உறவு வலிக்கிறது. ஒருமுறை வலித்தால் அடுத்த முறை இடுப்புத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. அதனால் வலி கூடுகிறது. அடுத்து ஆசையே மறைகிறது. இதில் அந்தப் பெண்ணின் மனக்குறையோ பாசக்குறையோ எதுவும் இல்லை.

மருந்து உண்டா? உண்டு. ஹார்மோன் கலக்காத ஈரப்பசை ஜெல்லை வாரத்துக்குச் சில முறை, உறவு இருக்கிறதோ இல்லையோ, தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உறவின்போது நீர் சார்ந்த வழவழப்பு ஜெல் தனி. தேங்காய் எண்ணெய் போன்றவை ஆணுறையின் ரப்பரைக் கிழிக்கும் என்பதால் இரண்டையும் சேர்க்கக் கூடாது. இவை போதாதபோது மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை அந்த இடத்தில் மட்டும் இடலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் தானாக வாங்கக் கூடாது. இறுகிய தசைகளைத் தளர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தருவார்கள். உடல் சூட்டுக்கு வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரைகள் உதவும். டமாக்சிஃபென் எடுப்பவர்கள் மனச்சோர்வுக்கு வேறொரு மருத்துவரிடம் போனால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். பராக்சிடின், ஃபுளூஆக்சிடின் ஆகியவை டமாக்சிஃபென் உடலுக்குள் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன.

கருத்தடை பற்றியும் கேட்க வாய் வராது. கீமோவின்போதும் டமாக்சிஃபென் எடுக்கும்போதும் கருத்தரித்தால் குழந்தைக்கு ஊறு நேரலாம். மாதவிலக்கு வரவில்லை என்பதால் கரு தங்காது என்று நினைப்பது தவறு. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. ஆணுறையோ காப்பர் டியோ பொருந்தும். கீமோ ஏறிய சில நாட்களுக்கு மருந்தின் எச்சம் உடல் திரவங்களில் இருப்பதால் அப்போதும் ஆணுறை வேண்டும். வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்த நாட்களில் உறவைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் இளம் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஹார்மோன் மாத்திரையை 18 முதல் 30 மாதம் எடுத்த பிறகு, மருத்துவரின் கண்காணிப்பில் இரண்டு ஆண்டு வரை நிறுத்திக் கருவுற முயன்ற 500-க்கும் மேற்பட்ட பெண்களிடம், முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கணவர் பக்கமும் ஒரு மௌனம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி ஓர் அறை ஒதுக்குவார்கள். பகலில் பெட்டியும் சாமானும் காக்கும் அந்த அறைதான் தம்பதிக்கு இருக்கும் தனியிடம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, புண்ணில் கை பட்டுவிடுமோ என்று அஞ்சிக் கணவர் அறைக்கு வெளியே பட்டாலையில் பாய் விரிக்கிறார். அவர் அதைக் கரிசனம் என்று நினைக்கிறார். உள்ளே படுத்திருப்பவர், தன் உடம்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி மாதக்கணக்கில் விலகியிருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்துக்கொண்டவர் உடம்பில் கதிர்வீச்சு தங்குவதில்லை. பக்கத்தில் படுக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். தழும்பைச் சுற்றி மரத்திருப்பது நரம்புகள் வெட்டுப்பட்டதால். தொடுவது எங்கே பிடிக்கிறது, எங்கே வலிக்கிறது என்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். உறவு வேண்டாத காலத்திலும் பக்கத்தில் படுத்துக் கையைப் பிடித்துக்கொள்ள எந்த மருத்துவக் காரணமும் தடையில்லை.

கீழச்சிவல்பட்டியிலிருந்து வடக்கே திருமயம் தாண்டினால் புதுக்கோட்டை. 1886-ல் அங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு எழுந்தது. அன்று நோயின் பெயரையே வெளியில் சொல்ல மாட்டார்கள். இன்று பெயரைச் சொல்கிறோம், படுக்கையறையைச் சொல்வதில்லை. அடையாற்றில் இப்போது நோயாளியின் மனத்தையும் குடும்பத்தையும் கவனிக்க உளப்புற்றுநோயியல் துறையே இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாலியல் நலம் பற்றிய பேச்சை மருத்துவக் குழுவினரே தொடங்க வேண்டும் என்கிறது. கேட்கும் சுமை நோயாளியின் தலையில் விழக் கூடாது என்பது என் கருத்தும். நம் வெளிநோயாளர் அறைகளில் செவிலியர் ஒருவர் தனியே அழைத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே போதும்.

இது சுகம் சார்ந்த விஷயம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுக்கு டமாக்சிஃபெனை ஐந்து ஆண்டு எடுத்தால், 15 ஆண்டுக் காலத்தில் அந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த மாத்திரையைத்தான் சூட்டுக்கும் வறட்சிக்கும் வலிக்கும் பயந்து, மருத்துவரிடம் சொல்லாமலேயே பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாம், துணை மருந்து கொடுத்திருக்கலாம். டமாக்சிஃபென் எடுக்கும்போது, மாதவிலக்கு நின்றவருக்கு மறுபடி ரத்தப்போக்கு கண்டால் அதையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

அடுத்த முறை மதுரைக்குப் பேருந்து ஏறும்போது ஒரு துண்டுச் சீட்டில் இந்தத் தொந்தரவுகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். வாய் வராவிட்டால் சீட்டை நீட்டுங்கள். கணவன்மாரே, வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்காமல் அவரோடு உள்ளே போய் உட்காருங்கள்.