ஆட்டத்தை அவிழ்த்துக் காட்டிய ஜான் மேடன்

அமெரிக்கர்கள் போற்றும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியும், தோழனுக்கு எறிந்தும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமாவது முன்னேறவேண்டும் என்ற நியதிக்கு உட்பட்டு, பதினொருவர் பதினொருவரோடு மோதுகிற ஆட்டம் அது. புதிதாகப் பார்க்கிறவனுக்கு அது தேர்த்திருவிழாத் தள்ளுமுள்ளு போலத்தான் தோன்றும். அந்தத் தள்ளுமுள்ளுக்குள் நுட்பமான ஓர் ஒழுங்கு இருப்பதைச் சாமானிய ஜனங்களுக்கு விளங்கவைப்பதையே முப்பது வருஷ காலம் தொழிலாகக் கொண்டிருந்தவர் ஜான் மேடன்.

1936-இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த டேலி சிட்டியில் வளர்ந்த அவர், கலிபோர்னியாவின் கால் பாலி கல்லூரி அணியில் முன்வரிசை வீரராக ஆடிப் பெயர் பெற்றார். 1958-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் முதற் பயிற்சி முகாமிலேயே முழங்கால் சிதைந்து, ஒரு பந்தயத்திலும் இறங்காமலே அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துபோயிற்று. சிகிச்சைக்காகக் காலையில் முன்னதாகவே வந்துவிடும் அந்த இளைஞர், அதே வேளையில் பழைய ஆட்டங்களின் படச்சுருளைத் தனியே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நார்ம் வான் பிராக்லின் என்ற மூத்த வீரரின் பின்னால் போய் உட்காருவார். எதிரணி இப்படி நின்றால் அடுத்து என்ன செய்யும், எவன் எங்கே ஏமாந்தான் என்று அந்த மூத்தவர் விளக்கிச் சொல்லச் சொல்ல, கால் இழந்த வாய்ப்பைக் கண் பெற்றது. பிற்காலத்தில் மேடன் செய்த காரியமெல்லாம் அந்த இருட்டறைப் பாடத்தின் விஸ்தரிப்பே என்பது என் அபிப்பிராயம்.

சிறிய கல்லூரிகளில் பயிற்சியாளராகத் தொடங்கியவர், 1967-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் சேர்ந்து, 1969-இல், தம் 32-ஆம் வயதிலேயே, அதன் தலைமைப் பயிற்சியாளரானார். முரட்டு ஆசாமிகள் நிறைந்த அணி அது. அவர்களுக்கு அவர் விதித்த விதிகள் மூன்றே: நேரத்தில் வரவேண்டும், சொல்வதைக் கவனிக்கவேண்டும், ஆடு என்றால் உயிரைக் கொடுத்து ஆடவேண்டும். பத்துப் பருவங்களில் 103 வெற்றி, 32 தோல்வி, 7 சமநிலை. 1977 ஜனவரியில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை 32-14 என வென்று, பருவத்தின் இறுதிப்பந்தயமான சூப்பர் பௌலின் கோப்பையும் கிடைத்தது.

1978 ஆகஸ்டில், பருவத்துக்கு முந்திய ஆட்டம் ஒன்றில், ரெய்டர்ஸ் வீரர் ஒருவர் மோதிய வேகத்தில் எதிரணியின் டாரில் ஸ்டிங்லிக்குக் கழுத்தெலும்பு முறிந்து, அவருடைய உடல் நிரந்தரமாகச் செயலிழந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு விரைந்த மேடன், பிறகும் பலமுறை சென்று அவர் அருகே இருந்தார். அந்தப் பருவத்தின் முடிவில், வயிற்றுப்புண்ணும் அயர்ச்சியும் வாட்ட, 42 வயதில் பயிற்சியாளர் பதவியைத் துறந்தார்.

தொலைக்காட்சி வர்ணனையில்தான் அவருடைய மேதை முழுமையாக வெளிப்பட்டது. சி.பி.எஸ். நிறுவனத்தில் பாட் சம்மரால் என்பவரோடு 1981-இல் தொடங்கிய கூட்டு, பிறகு ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்து, 21 பருவங்கள் நீடித்தது. சம்மரால் நாலு சொல்லில் நடந்ததைச் சொல்லி நிறுத்துவார். ஏன் நடந்தது என்பது மேடனின் பங்கு. பந்து போகும் இடத்துக்கே எல்லோருடைய கண்ணும் போகும். மேடனோ, நிறுத்திய படத்தின்மேல் மஞ்சள் கோடுகளை இழுத்து, பந்தைத் தொடாமலே வழியைத் திறந்துவிட்ட முன்வரிசைத் தடியர் ஒருவரைச் சுட்டிக்காட்டி, 'பூம்!' என்று ஆர்ப்பரிப்பார். தாமே முன்வரிசையில் நின்றவரல்லவா! 1986-ஆம் ஆண்டுப் பருவத்தில், வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்கள் தங்கள் பயிற்சியாளரின் தலையில் பானத் தொட்டியைக் கவிழ்க்கப் பதுங்கிவருவதையும் அதே கோடுகளால், ஒரு போர்த்தந்திரத்தை விவரிக்கும் கம்பீரத்தோடு, வரைந்து காட்டினார்.

வர்ணனைக்காக ஊர் ஊராகப் போகவேண்டியவர் விமானத்தில் ஏறமாட்டார் என்பது வேடிக்கை. 1960-இல் கால் பாலி அணி சென்ற விமானம் விழுந்து 22 பேர் மாண்டதுதான் காரணம் என்று பலர் நம்பினாலும், அடைபட்ட இடத்தின் திகிலே காரணம் என்றார் அவர். முதலில் ரயிலிலும், பிறகு தமக்கென அமைத்த பெரிய பஸ்ஸிலும் தேசத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தார்.

ட்ரிப் ஹாக்கின்ஸ் என்ற கணினி விளையாட்டுத் தயாரிப்பாளர் அவர் பெயரில் ஒரு கால்பந்துக் கணினி விளையாட்டைச் செய்வதுபற்றி அவரைச் சந்தித்துப் பேசியதும் அப்படி ஒரு ரயில் பயணத்தில்தான். அன்றைய கணினியின் சக்திக்கு ஏற்ப, பக்கத்துக்கு ஆறேழு ஆட்டக்காரர் போதும் என்றது தயாரிப்புத் தரப்பு. பதினொருவர் இல்லையேல் தம் பெயரும் இல்லை என்று மேடன் ஒரே பிடியாய் நின்றார். வருஷங்கள் தாமதமாகி, 1988-இல் பதினொருவரோடுதான் அந்த விளையாட்டு வெளிவந்தது. 2009-இல் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, 2021 டிசம்பரில் 85-ஆம் வயதில் அவர் மறைந்த பிறகும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. அதில் தங்கள் திறமைக்குக் கொடுத்த மதிப்பெண் குறைவென்று நிஜ வீரர்களே மனத்தாங்கல் கொள்கிறார்கள்.