மலைநகர் உலா

தமிழில் உலா என்றோர் இலக்கிய வகை உண்டு. தலைவன் வீதியிற் பவனி வருவான். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு நிற்பர். அண்மையில் மாணாக்கருடன் யான் சென்ற மலைநாட்டுப் பண்பாட்டுச் சுற்றுலாவில் இம்மரபு தலைகீழாயிற்று. பவனி வந்தோர் நாங்கள். பார்க்கப்பட்டோரோ சரிவுகளிற் கொழுந்து பறித்துநின்ற மகளிர். பேருந்தின் சாளரந்தோறும் கைபேசிகள் நீண்டன.

காலையில் நுவரெலியாவிற் புறப்பட்டு, தலவாக்கலை, அட்டன், டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவையை அடைவது ஏற்பாடு. வழிகாட்டியாக வந்த இளைஞர் தோட்டத்திற் பிறந்தவர், மும்மொழியும் வல்லவர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் தமக்கென எழுப்பிய மலைமாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கே ஓர் ஆங்கிலக் குடியிருப்பை அமைத்தார். 1852இல் திரித்துவத் தேவாலயம், 1876இல் ஹில் கிளப், 1894இல் செங்கல் அஞ்சலகம் என்று ஆண்டுகள் அவர் நாவிற் பிழையின்றி வந்தன. கட்டடங்கள் அழகியனவே. அவ்வஞ்சலகத்தைக் கைமாற்றலாகாதென்று 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தமே செய்தனர். அந்த அன்பை யான் குறைகூறேன்.

ஏரிக்கரையில் நின்றபோது மாணவி ஒருத்தி, "அண்ணா, இந்த ஏரியை வெட்டியவர் யார்?" என்று வினவினாள்.

"1873இல் தேசாதிபதி கிரெகரி" என்றார் வழிகாட்டி.

"அவர் வெட்டுவித்தவர் அல்லவா? வெட்டியவர் யார்?"

தன்வினை பிறவினை வேறுபாட்டை முப்பதாண்டு வகுப்பறையிற் கற்பித்திருக்கிறேன். அதற்கு இத்துணைப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. வழிகாட்டி சிரித்தார், பின் மௌனமானார்.

அவர் சொல்லாது விட்டதைப் பேருந்தினுள் யான் சொல்ல வேண்டியதாயிற்று. இந்நகரங்களைப் பிறப்பித்தவை முதலிற் கோப்பி, பின்னர் தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இற் கண்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பயிர் மாறிற்று, கைகள் மாறவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் கைகள் அவை. வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். பண்பாட்டு உலா என்னும் பெயர் அந்த நடைக்கே சாலப் பொருந்தும்.

தலவாக்கலையில் நீர்வீழ்ச்சிக்காக வண்டி நின்றது. 1947இல் அத்தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேச்சில்லை. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு அக்குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களை அவர் தொகுத்து நூலாக்கினார்.

தோட்டங்களின் பெயரைக் கேளுங்கள்: ஹோலிறூட், பல்மோரல், வேவர்லி, டன்சினேன். ஸ்கொத்லாந்தின் அரண்மனையும் நாவலும் ஷேக்ஸ்பியரின் குன்றும் இங்கே தேயிலையாய்த் தழைக்கின்றன! தொழிலாளர் சொற்களோ பெயர்ப்பலகை ஏறவில்லை. ஆங்கில 'லைன்' அவர் நாவில் லயன் ஆகி, லயமும் ஆயிற்று. ஆலயத்தில் உறையும் லயம் வேறு. பத்தடி அறைகள் வரிசையாய் ஒட்டிக் கிடக்கும் இந்த லயம் வேறு. காலை அணிவகுப்பு 'பிரட்டு' ஆயிற்று. இவற்றுள் என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்த சொல் 'பேர்'. தோட்ட வழக்கில் அஃது ஒரு நாட்கூலியைக் குறிக்கும். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்!

மெக்சிக்கோவின் குவனஹுவாத்தோவும் இத்தகைய மலைநகரே. வெள்ளிச் சுரங்கச் செல்வத்தால் எழுந்த தேவாலயங்களைக் காணச் செல்வோர் அங்கே சுரங்கத்தினுள்ளும் இறங்கிப் பார்க்கலாம். நம்மவரிடையேயும் அவ்வெண்ணம் இல்லாமலில்லை. கம்பளைக்கருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் லயன் ஒன்றே 2007 முதல் தொழிலாளர் அருங்காட்சியகமாக உள்ளது. எங்கள் நிரலில் அஃது இடம்பெறவில்லை.

டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயத்தைக் கண்டு, பொகவந்தலாவைக்கு வந்தோம். புனித மரியாள் தேவாலய வளவிலே ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடியான அவர் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் மறைந்தார். இங்குள்ள தமிழ்த் தொழிலாளரையும் படம் பிடித்தார். அப்படங்கள் இன்று உலக அரும்பொருட்சாலைகளிற் போற்றப்படுகின்றன. ஆயினும் அவற்றுட் பலவற்றில் நிற்போர் இன்னாரென்ற குறிப்பில்லை. கல்லறையில் அம்மையாரின் பெயரைப் படித்த மாணாக்கர் சற்றுநேரம் அங்கேயே நின்றனர்.

திரும்புங்கால் வழிகாட்டி என் அருகே வந்து, "ஐயா, அந்த வளைவுக்கு மேலேதான் எங்கள் லயம். அப்பாயி இருக்கிறார். கால்மணி நேரம் நிற்கலாமா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். சாரதி மணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். "அப்பாயி, ஸ்கூல் பிள்ளைகள் வந்திருக்காங்க. இந்த லயத்தில அந்தக் காலத்தில யார் யார் இருந்தாங்கன்னு சொல்லுங்க" என்றார் பேரன். அவர் முதற்காம்பராவைச் சுட்டி, அங்கு வாழ்ந்தவர் பெயர், அவர் தகப்பன் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று தொடங்கினார். ஏரியைப் பற்றி வினவிய மாணவி குறிப்பேட்டை விரித்து எழுதலானாள். கீழே சாரதி ஒலிப்பானை அழுத்தியபோது ஏழாவது காம்பராவுக்கு வந்திருந்தோம். இன்னும் ஐந்து இருந்தன.